லீக் மாறிய மன்றம்

கனடாவுக்கு வந்த தமிழன் முதலில் வேலை எடுப்பான், பிறகு வீடு எடுப்பான், அதற்குப் பிறகு ஒரு மன்றத்துக்குத் தலைவராவான். முதல் இரண்டும் பாக்கியராசாவுக்கு வாய்த்துவிட்டன. மூன்றாவதுதான் இழுத்தடித்தது. ஊர்ச் சங்கத்தில் வரிசை நீளம். பழைய மாணவர் சங்கத்தில் அவரைவிடப் பழைய மாணவர்கள் இருந்தார்கள். கோயில் நிர்வாகமோ கோர்ட்டில் கிடந்தது. ஆகவே, யாரும் கைவைக்காத துறையொன்றைத் தேடிப்பிடித்து, வெக்ஸ்போர்ட்டில் தன் வீட்டு பேஸ்மென்டில் ‘ரொறன்ரோ தமிழ் பேஸ்போல் ரசிகர் மன்றம்’ என்பதை அங்குரார்ப்பணம் செய்துவைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிசனுக்கு விளையாட்டிலும் உண்மையான பைத்தியம்தான். நகரத்து அணி தோற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது. வென்ற நாளில் பக்கத்து வீட்டு ஸ்னோவையும் சேர்த்து வழித்துவிடுவார்.

மன்றத்தின் யாப்பை, அதாவது விதிக்கோவையை, ஒரு பழைய மாணவர் சங்கத்திடமிருந்து அப்படியே பிரதி எடுத்திருந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போவதற்குப் பள்ளிக்கூட அதிபரின் அனுமதி வேண்டும் என்ற விதி அதில் இன்றைக்கும் இருக்கிறது, அதிபரைத்தான் காணவில்லை. அதே யாப்பில், ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது என்றும் ஒரு விதி இருந்தது. வாசிக்காமல் கையெழுத்து வைத்ததன் பலன். பாக்கியராசாவின் இரண்டாவது தவணை இந்தக் கோடையோடு முடிகிறது. உபதலைவர் செல்வரட்ணம் அஜின்கோர்ட்டில் தன் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் பதவியேற்பு உரையைப் பழகத் தொடங்கிவிட்டார் என்றும் செய்தி வந்தது.

வேலையிடத்தில் பாக்கியராசாவை ‘ராஜ்’ என்று சுருக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது, ‘இஞ்சேருங்கோ’ மட்டும்தான். தமிழ்க் கடைக்குள் கால் வைத்தால்தான் “தலைவர் வாறார், வழி விடுங்கோ” என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் இல்லாமல் இனி எப்படி மீன் வாங்குவது?

கடவுள் கைவிடவில்லை. பேஸ்போலின் பெரிய அணிகள் இரண்டு லீக்குகளாகப் பிரிந்து ஆடும்; நகரத்து அணி அமெரிக்கன் லீக்கை விட்டு நாஷனல் லீக்குக்கு மாறக்கூடும் என்று யூடியூப்பில் யாரோ ஒருவர் சொன்னார். பாக்கியராசா யாப்பைத் தூசி தட்டி எடுத்தார். ‘அமெரிக்கன் லீக்கில் ஆடும் அணியின் ரசிகர் மன்றம்’ என்றுதான் அதில் இருந்தது. அணி மாறினால் பழைய மன்றம் தானாகவே கலையும். புது மன்றம் பிறக்கும். புது மன்றம் என்றால் புதுத் தவணை. அவருக்கு அன்று இரண்டு தரம் பசித்தது.

அவசரப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை எல்லாம் முடிய, தட்டில் வைத்திருந்த ரோல்ஸும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விவாதம்.

“நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து களைச்ச ஆக்கள்,” என்று செல்வரட்ணம் தழுதழுத்தார். “எங்கட அணியையும் இடம்பெயர விடுறதோ? என்ர உயிர் இருக்குமட்டும் விடன்.”

“இடம்பெயர்ந்தபடியால்தானே முன்னேறினனாங்கள்?” என்றார் பாக்கியராசா. “உங்கட வீட்டைப் பாருங்கோ, எத்தினை வோஷ்ரூம். அந்த அணிக்கும் ஒரு எதிர்காலம் வேண்டாமோ?”

கைதட்டல் இரண்டு பக்கமும் எழுந்தது. சிலர் இரண்டு பேருக்கும் தட்டினார்கள்.

பின் வரிசையில் இருந்த பாக்கியராசாவின் மனைவி தங்கேஸ்வரி எழும்பினார். “இஞ்சேருங்கோ, லீக் மாறினா கிறவுண்டும் மாறுமோ?”

“இல்லை.”

“உடுப்பு?”

“அதேதான்.”

“விளையாடுற பெடியள்?”

“அவையளும் அதே ஆக்கள்தான்.”

“அப்ப அங்க என்னதான் மாறப்போகுது?”

உண்மையான விடை விவாதம் செய்த இரண்டு பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நல்லவேளையாக, அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று செயலாளர் நிசாந்தன் தீர்ப்பளித்தான்.

அணி நிர்வாகத்துக்கு இரு தரப்பும் தனித்தனியே கையெழுத்துத் திரட்டி மகஜர் அனுப்பின. இரு தரப்புக்கும் ஒரே பதில் வந்தது: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, கூட்டமாக வந்தால் டிக்கெட் விலையில் கழிவு உண்டு. இதைத் தங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று இரு தரப்பும் அறிவித்தன.

கடைசியில், அணி எங்கேயும் மாறவில்லை என்று தெரியவந்தது. யூடியூப்காரரே அடுத்த விடியோவில் மன்னிப்புக் கேட்டார். பாக்கியராசா இரண்டு நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் எழும்பினார்.

“அணி போகாட்டி என்ன?” என்றார். “மன்றம் போகட்டும்.”

போயிற்று. பழைய மன்றத்திலிருந்து பிரிந்து நாஷனல் லீக்குக்கென்று புது மன்றம் தொடங்கியவர்கள் நாலு பேர்: தலைவர் பாக்கியராசா, பொருளாளர் தங்கேஸ்வரி, செல்வரட்ணம் ஒருநாளும் தனக்கு மைக் தரவில்லை என்ற கொள்கை முரண்பாட்டால் வெளியேறிய செயலாளர் நிசாந்தன், ஒஷாவாவிலிருந்து வரும் கிளிபோட், பாக்கியராசா வீட்டில் பார்க்கிங் வசதி என்பதால். நாஷனல் லீக்கிலிருந்து எந்த அணி வந்தாலும் அது எங்கள் அணி, நகரத்து அணி இன்றுமுதல் எதிரணி என்று தீர்மானம் நிறைவேறிற்று.

“உங்களுக்கு உது ஏலுமோ?” என்று தங்கேஸ்வரி கேட்டார்.

“பதவி எண்டா தியாகமும் வேணுமப்பா,” என்றார் பாக்கியராசா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நாஷனல் லீக் அணியொன்று நகரத்துக்கு ஆட வந்த நாளில் நாலு பேரும் ஸ்டேடியத்தில் போய் இருந்தார்கள். பாக்கியராசா வந்தவர்களின் தொப்பியைப் போட்டிருந்தார், தலை கடித்தது. நகரத்துப் பெடியன் ஒருவன் அடிக்க, கை தன்பாட்டில் எழும்பியது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் ஏறி இருந்தார். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு கை தப்பிவிட்டது. கொஞ்சமாகத்தான், ஆனாலும் தொடையில் தட்டிவிட்டது.

“தலைவர் எதிரிக்குக் கைதட்டினவர்,” என்றான் கிளிபோட். “நான் கண்டனான்.”

“அது கடிக்க வந்த நுளம்புக்கு அடிச்சது,” என்றார் பாக்கியராசா.

நிர்வாகக் குழு அங்கேயே கூடியது. விளக்கம் கேட்கப்பட்டது. நுளம்பு நிராகரிக்கப்பட்டது. தலைவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கிளிபோட் முன்மொழிந்தான். இந்த விசாரணையிலேயே கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸும் வந்துவிட்டது. நகரத்து அணி ஒரு ஓட்டம் பின்னால். கடைசி ஆள் அடிக்க வந்தான், ஒருவன் பேஸில் நின்றான்.

நிசாந்தன் எழும்பி, சபையை எண்ண வசதியாக மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“பிரேரணையை ஆதரிக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

ஒரு கையும் உயரவில்லை. கிளிபோட்டே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியராசாவுக்கு நெஞ்சு அடித்தது, பதவிக்காகவா ஆட்டத்துக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

“இன்னொருக்காக் கேக்கிறன். ஆதரிக்கிற ஆக்கள்?”

மட்டையில் பந்து பட்ட சத்தம் கூரைவரை கேட்டது. பந்து வேலியைத் தாண்டிப் போனது, நகரத்து அணிக்கு இரண்டு ஓட்டம். தங்கேஸ்வரியின் கை உயர்ந்தது. கிளிபோட்டின் கை உயர்ந்தது. எதிர்ப்பக்கத்தில், ஆட்டம் பார்க்க வந்திருந்த செல்வரட்ணத்தின் பழைய மன்றம் முழுவதும் கையைத் தூக்கியது. பாக்கியராசா கதிரைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார். தொப்பி எங்கேயோ பறந்துபோனது.

நிசாந்தன் உயர்ந்த கைகளை எண்ணினான். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினான். முன்னாள் தலைவர் இரு கைகளாலும் ஆதரித்தார் என்றும் எழுதினான்.

“அண்ணை,” என்றான், சத்தம் கொஞ்சம் அடங்கியபிறகு. “பொருளாளரும் கிளிபோட்டும் எதிரிக்குக் கை தூக்கிட்டினம் எண்டு பக்கத்து ஆக்கள் சொல்லினம். தூக்காத ஒரே ஆள் நான்தான். அப்ப இனித் தலைவர் நான்.”

புதுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல்முறையாக மைதானத்தின் பக்கம் திரும்பினார். எல்லோரும் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“அது சரி, ஆர் வெண்டது?”

பாக்கியராசா வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவனுடைய தோளில் கைபோட்டார்.

“தலைவருக்கு உது தெரியத் தேவையில்லை,” என்றார்.