சூசை மாமாவின் வள்ளமும் நெட்டை லென்ஸும்

நான் எடுத்த போட்டோக்களில் நன்றாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் நான் எடுக்க நினைத்தது இல்லை.

ஜூம் லென்ஸ் வாங்குவதா, பிரைம் லென்ஸ் வாங்குவதா என்று என் பேரன் போன வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். ஜூம் என்றால் நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருகி ஆளைக் கிட்டவும் தூரவும் ஆக்கலாமாம். பிரைம் என்றால் நாம்தான் நடக்க வேண்டுமாம்.

“தாத்தாகிட்ட கேக்காத மக்கா. அவிய நடந்தது போதும்,” என்றாள் என் மனைவி.

நடந்த கதை இதுதான். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். நான் நாகர்கோவிலில் வாத்தியார். பூர்வீகம் கடற்கரை என்றாலும் வளர்ந்ததெல்லாம் டவுனில். (கடலை எனக்கு நன்றாகத் தெரியும், திருவிழாவுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன்.) குளச்சலில் மீன்பிடிக்கிற சூசை என்பவருடைய மகள் ரோசம்மாவை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. “புது வள்ளம் இறங்கட்டு, பிறவு பாக்கலாம்,” என்றுவிட்டார். மாதா கோயில் சாமியார் வந்து வள்ளத்தை, அதாவது அந்தப் படகை, ஜெபம் சொல்லி மந்திரிக்கும் அன்று அவரை வள்ளத்தோடு போட்டோ எடுத்து, மனதைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்டுடியோ வைத்திருந்த நண்பன் தாசையன் கேமரா தந்தான். லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்றுதான் தருவேன் என்றான்.

“குட்டைய எடுத்துட்டுப் போ மக்கா. வள்ளமும் ஆளும் முழுசா விழும். நெட்டை, தூரத்துல உள்ளதக் கிட்டக் காட்டதுக்குள்ளது. அதுல வள்ளத்தப் பிடிக்கணும்னா நீ பின்னால போய்க்கிட்டே இருக்கணும்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் குட்டை லென்ஸ் பார்ப்பதற்குத் தைல டப்பா மாதிரி இருந்தது. வருங்கால மாமனார் முன்னால் டப்பாவோடு போய் நிற்பதா? நெட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடற்கரையில் ஊரே கூடியிருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் சூசை புது வேட்டியோடு வள்ளத்தில் சாய்ந்து நின்றார். கேமராவுக்குள் பார்த்தேன். மீசையின் ஒரு பக்கம் தெரிந்தது. பத்தடி பின்னால் போனேன், மீசை முழுமையடைந்தது. இன்னும் பத்தடியில் வயிறு வரை வந்தார். வள்ளத்தைக் காணோம்.

“தெரியுதா வாத்தியாரே?”

“வந்துட்டே இருக்கிய மாமா.” (அவரை மாமா என்று கூப்பிட அதுவரை எனக்கு யாரும் அனுமதி தரவில்லை.)

கடற்கரைக்காரன் எவனும் கடலுக்கு முதுகைக் காட்ட மாட்டான். நான் கால் நனைந்த பிறகும் நிற்கவில்லை. வள்ளத்தின் வால் மட்டும்தான் பாக்கி. அப்போதுதான் அலை வந்தது.

அது அடித்த அடியில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கும்போது விரல் தானாக அழுத்திவிட்டது. வேட்டி கடலோடு போயிற்று. (இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.) இரண்டு பேர் என்னை இழுத்துக் கரையில் போட்டு, புது வள்ளத்தின் பாய்மரப் பாயை இடுப்பில் சுற்றிவிட்டார்கள். அந்தப் பாய் முதன்முதலில் உதவியது எனக்குத்தான்.

கேமரா பிழைத்தது. தாசையன் படத்தைக் கழுவிக் கொடுத்தான். அதில் மீசையும் இல்லை, வள்ளமும் இல்லை. தண்ணீர் ஓரமாக எனக்குக் கிட்டவே பெண்கள் கூட்டத்தில் நின்ற ரோசம்மாவின் முகம், சற்றுக் கோணலாக, படம் நிறைய வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. சம்பந்தம் போச்சு என்று படத்தைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன்.

ஒளித்தும் பயனில்லை. சூசை பள்ளிக்கூடத்துக்கே வந்து வாங்கிப் பார்த்தார்.

“எனக்க வள்ளம் எங்க?”

“தெரியாம நடந்துட்டு மாமா. எல்லாம் லென்ஸ் செய்த வேலை.”

“ஓ, லென்ஸ்.” படத்தை மடியில் செருகிக்கொண்டார். “ஊருக்காரன் இதப் பாக்கதுக்கு முன்ன கல்யாணத்த வச்சிரணும்.”

அடுத்த மாதமே வைத்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் சட்டியில் மீன் துண்டு குறைந்தாலும், எவனாவது பரீட்சையில் கோட்டைவிட்டாலும் ஒரே பதில்தான்: லென்ஸ் செய்த வேலை.

பேரன் போன பிறகு, இத்தனை வருடம் கேட்காததை மனைவியிடம் கேட்டேன். “அலை வாறத நீ பாக்கலியா?”

“நல்லா பாத்தேன்.”

“ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா?”

“லென்ஸ் செய்த வேலைக்கு நான் என்ன செய்ய?” என்றாள் ரோசம்மா.