மூச்சு மகானின் மூக்கு

கொள்ளைநோய் வந்ததும் ஊரில் பல கடைகள் மூடிக்கொண்டன. புதிதாகத் திறந்தது ஒரே கடை. அது மூச்சு மகானின் கடை.

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைக்குள், வெள்ளைத் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார் மகான். ஆளுக்கு ஆள் தள்ளி நில்லுங்கள் என்று அரசாங்கம் தொண்டை கிழியக் கத்தியபோது காதில் வாங்காத ஜனம், இவரைப் பார்க்க ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றது. வங்கி மேலாளர் நின்றார். தலைமையாசிரியை நின்றார். படிப்புக்கும் வரிசைக்கும் என்ன சம்பந்தம்?

வைத்தியம் சுலபம். முகக்கவசத்தை இறக்கி, மகானின் முகத்துக்கு நேரே 'ஹா' என்று ஊத வேண்டும். அவர் கண்ணை மூடி முகர்வார். சுத்தமான மூச்சு என்றால் மணிக்கட்டில் பச்சை ரிப்பன். நோயின் வாசம் அடித்தால் சிவப்பு. சிவப்பைப் பச்சையாக்கப் பல தடவை வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் உண்டியலைக் கவனிக்கவேண்டும். நோய் பரவ இதைவிட நல்ல ஏற்பாட்டை அந்த நோயே யோசித்திருக்காது.

பார்லர் நடத்தும் பெண்ணை அங்கே இழுத்து வந்தவள் அவளுடைய நாத்தனார். பார்லர்காரி நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தவள். வாசலில் நின்ற சீடர், "வீட்ல யாருக்காச்சும் வந்துச்சாம்மா?" என்று கனிவாகக் கேட்டார். நாத்தனார் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். சீடர் லேசாக இருமினார். உள்ளே மகான் முகர்ந்தார். சிவப்பு ரிப்பன்!

அன்றோடு பார்லர் நாற்காலிகளில் தூசிதான் வந்து உட்கார்ந்தது. அவள் தொட்ட மாடிப்படிக் கைப்பிடியைக் கீழ்வீட்டுக்காரி குச்சியில் துணி சுற்றித் துடைத்தாள். அவள் மகளின் ஆன்லைன் வகுப்பில்கூட, "அந்தப் பொண்ணு படத்துக்குப் பக்கத்துக் கட்டத்துல எங்க பையன் வேண்டாம் மிஸ்" என்று ஒரு தாய் கேட்டாளாம். மகள் அழுதாள். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோதுகூட பார்லர்காரிக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

பேக்கரிக்காரருக்கோ பச்சை ரிப்பன். மனிதர் இருமிக்கொண்டேதான் இருந்தார். "மகானே சுத்தம்னு சொல்லிட்டாரு, டாக்டர் எதுக்கு?" என்று இருமல் நடுவே ரொட்டி விற்றார். சில நாளில் பாதித் தெருவுக்குக் காய்ச்சல். பேக்கரிக்காரர் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தார்.

"ரிப்பனை நனைச்சிருப்பாரு அண்ணி, அதான் சக்தி போயிருச்சு" என்றாள் நாத்தனார்.

பார்லர்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மகளுக்காக மறுபடி வரிசையில் போய் நின்றாள். அன்று கொட்டகைத் திரைக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது போலிருக்கிறது. நாற்றம் வாசல்வரை வந்தது. சீடர் முகக்கவசத்தின் மேல் துண்டையும் சுற்றியிருந்தார். மகானோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஆகா! என்னா சுத்தமான காத்து!" என்றார்.

"மகானுக்கு நாத்தமும் வாசமும் ஒண்ணு!" என்று கூட்டம் சிலிர்த்தது.

பார்லர்காரி சிலிர்க்கவில்லை. நோயில் போன மோப்பம் அவளுக்கே இப்போதுதான் திரும்பியிருந்தது. போன மாதம் பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறியபோது, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளும் இப்படித்தான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மறுநாள், வாடிக்கையாளர் தலைக்குப் பூச வாங்கி, பூட்டிய பார்லரிலேயே மறந்துபோன முட்டைகளில் ஒன்றை உடைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரில் கலக்கி, அழகான பன்னீர்ப் புட்டியில் ஊற்றி, இறுக மூடினாள்.

கொட்டகை நிரம்பி வழிந்த நேரம் பார்த்து அதை மகானிடம் நீட்டினாள்.

"உசத்திப் பன்னீர் சாமி. உங்களுக்குன்னே கொண்டு வந்தேன். எப்படியிருக்குன்னு மோந்து பாத்து நீங்க சொல்லணும்."

மகான் மூடியைத் திறந்தார். ஆழமாக முகர்ந்தார். கண் சொக்கியது. "அடடா! ரோஜாத் தோட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும்மா!" என்று கன்னத்தில் தடவிக்கொண்டார். கருணை பொங்கி, முன்வரிசைக்கும் கொஞ்சம் தெளித்தார்.

முன்வரிசை எழுந்து ஓடியது. வங்கி மேலாளர் ஜன்னல் தேடினார். நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினாள்: "அய்யய்யோ அண்ணி, கூமுட்டை!"

"கூமுட்டையேதான்" என்றாள் பார்லர்காரி. "சாமியையும் நோய் புடிச்சிருக்கு, மூக்கையும் சேத்துக் கொண்டுபோயிருக்கு. இந்த மூக்கை நம்பித்தான் என் மகளை அழ வச்சீங்க. பேக்கரி அண்ணன் டாக்டர்கிட்ட போகாம கெடந்தாரு."

"அதான் சொன்னோமே, மகானுக்கு நாத்தமும் வாசமும் ஒண்ணும்மா!" என்றது பின்னாலிருந்து ஒரு பக்திக் குரல்.

"ரெண்டும் ஒண்ணுன்னா நோய் வாசத்தை மட்டும் எப்படிய்யா பிரிச்சாரு?"

வாசலில் ஒவ்வொருவரையும் விசாரித்து அனுப்பியது யார்? எல்லோர் கண்ணும் சீடர் மேல் திரும்பியது. அவர் பின்வாங்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நோய் வந்தவங்க வந்தா இருமச் சொன்னாரு, வராதவங்க வந்தா சும்மா இருக்கச் சொன்னாரு. அவ்வளவுதான்!"

மகான் திரைக்குப் பின்னால் ஓடினார், எலியையும் மிதித்துக்கொண்டு. அப்போதும் அவருக்கு நாறவில்லை.

ரிப்பன்கள் தரையில் விழுந்தன. கீழ்வீட்டுக்காரி அசடு வழியச் சிரித்துக்கொண்டே வந்தாள். "மனசுல வச்சுக்காதீங்க அக்கா. நாங்க என்ன பண்றது? மூக்கை வச்சு இப்படி ஏமாத்துவாருன்னு யாருக்குத் தெரியும்?"

பார்லர்காரி முகக்கவசத்தைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மூக்கு அவருக்கு இல்ல, சரி. உங்களுக்கெல்லாம் மூக்குக்கு மேல, நெத்திக்குப் பின்னால ஒண்ணு வச்சிருக்கே, அதுக்கு எந்த நோயும் வரலையே! எடுத்துப் பயன்படுத்துங்கம்மா. ரொம்ப நாளு பூட்டியே வச்சா அதுவும் முட்டை மாதிரிதான்!"