கங்காரு டாக்டரும் கழற்றிய பனியனும்

ஆவடியில் கத்திரி வெயிலைவிட அதிகம் ஆண்களைச் சட்டை கழற்ற வைத்தவர் எங்கள் கங்காரு டாக்டர்தான். கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல, குறைமாதக் குழந்தையைப் பெற்றவர்களின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினால் அந்தச் சூட்டிலேயே பிழைத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த அம்மாளை யாராலும் அடக்க முடியவில்லை. அவர் சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ராணுவ ஃபேக்டரியில் கிளார்க், குவார்ட்டர்ஸ் வாசம். என் மகள் அவசரப்பட்டு இரண்டு மாதம் முன்பே பிறந்துவிட்டாள். மனைவியோ வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சூடாக வைக்க இருந்தது ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதிலும் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள், அதுவும் கரண்ட் இருந்தால்.

"சட்டையக் கழட்டுய்யா" என்றார் டாக்டர்.

கழற்றினேன்.

"பனியன்? பனியனுக்கா பொறந்தா உன் பொண்ணு?"

"டாக்டர், எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். இந்தத் தொப்பையைப் பாத்து எவளும் மயங்க மாட்டா."

மனைவியின் பழைய நூல் புடவையைக் கிழித்துக் குழந்தையை என் நெஞ்சோடு கட்டினார். எங்கள் வீட்டில் தீட்டுக் கழியும்வரை ஆண்கள் குழந்தையைத் தொடுவதில்லை. என் அம்மா வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் வேறு வந்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, பொம்பளைங்க வார்டுல சட்டை இல்லாம குந்திகினு கீறியே, வெக்கமா இல்ல?"

டாக்டர் அவனையும் சட்டையைக் கழற்றச் சொன்னார். ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான்.

நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் மீன்குஞ்சு போலத் துடித்துக்கொண்டிருந்தவள், பிழைத்தாள். சில நாளில் அவள் அம்மாவும் கண் விழித்தாள்.

செய்தி மேலே போனது. இந்த முறையை எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகப் போகிறார்கள் என்று டாக்டர் வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். அதற்கென்று ஒரு தனிப் பிரிவைத் திறந்து வைக்கக் கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி வரும் நாளும் வந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார்கள். வார்டு சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று தாய்மார்களை எல்லாம் வேப்பமரத்தடிக்கு விரட்டினார்கள்.

"அம்மாக்காரிங்க இல்லாம எதைத் திறந்து வைக்கப் போறீங்க?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம் மேடம்" என்றார் அதிகாரி.

"அப்ப நீங்க சட்டையக் கழட்டுங்க" என்று ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு அதிகாரியை நோக்கி நடந்தார் பாருங்கள்!

அவர் கழற்றவில்லை. ரிப்பனை வெட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமே டாக்டரைக் குழந்தை வாடையே இல்லாத ஒரு காசநோய் வார்டுக்குத் தூக்கியடித்தார்கள். இங்கே கதவில் புதுப் பலகை தொங்கியது: "தாய் சேய் அணைப்புப் பிரிவு. வெளியார் உள்ளே வரக்கூடாது." பெற்றவளும் வெளியார்தான்.

கரையான்சாவடியிலிருந்து வந்த ஒரு தகப்பனை வாட்ச்மேன் அந்தப் பலகையைக் காட்டியே நிறுத்திவிட்டான். நெஞ்சோடு கட்டினால் பிழைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் கிழித்த புடவையோடு நின்றான் பாவம். மறுநாள் குழந்தையை அதே புடவையில் முகத்தையும் மூடிச் சுற்றித்தான் அவனிடம் கொடுத்தார்கள். நாசமாய்ப் போகட்டும் அந்தப் பலகை என்று இன்றைக்கும் சபிக்கிறேன்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மழை நாளில் குளிருது என்று என் மடியில் ஏறிக்கொள்வாள். என் கை தானாகச் சட்டைப் பித்தானுக்குப் போகும். "பனியன்?" என்று அந்த அம்மாள் அதட்டுவது காதில் விழும்.

அதையும் கழற்றிவிடுவேன்.