பட்டாணியை வந்து அழைத்துப் போகவும்

ராஜகீழ்ப்பாக்கம்,
ஐப்பசி 19, புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி துரை அவர்களுக்கு, தயாளன் பணிவோடு எழுதிக்கொள்வது.

தாங்களும் சம்பந்தி அம்மா ஜோதிலட்சுமி அவர்களும் அனகாபுத்தூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறோம். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனா போயிற்று. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்து ஒரு பொய் ரிப்போர்ட் எழுதாதவன், ஓய்வு பெற்ற பிறகு எழுதுவானேன்? நலமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொன்னேன். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றால் உங்கள் பக்கம் சிக்னல் இருக்கிறது, மழை எப்படி என்றால் இருக்கிறது, பட்டாணி என்று ஆரம்பித்ததும் "ஹலோ, ஹலோ, கேக்கலையே சம்பந்தி" என்கிறீர்கள். குறை சொல்லவில்லை. டவர் அப்படி. அதனால்தான் ரிடையர்மெண்ட் அன்று கொடுத்த மைப் பேனாவைத் தேடி எடுத்து எழுத உட்கார்ந்தேன். நாளைக் காலை என் மகன் மகேஷ் வேலைக்குப் போகிற வழியில் இதைக் கொண்டுவந்து கொடுப்பான். படித்துவிட்டதாகப் பின்பக்கம் ஒரு கையெழுத்துப் போட்டுத் தரவும்.

விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல. பட்டாணி தங்கள் தெருவில் பிறந்த பூனை. மாப்பிள்ளை பிரேம் கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்து வளர்த்தது. என் மகள் சத்யபிரியா பிறகு வந்தவள். தை மாதம் இரண்டு பேரும் அயர்லாந்து கிளம்பினபோது, பதினோரு வயது, கிட்னி கெட்டுப்போன உயிர், விமானம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட, ஏர்போர்ட் பார்க்கிங்கில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இருவரும் பேசி முடித்தோம்: பிள்ளைகள் திரும்பி வரும் வரைக்கும் அந்த வீட்டில் ஆறு மாசம், இந்த வீட்டில் ஆறு மாசம். "பொண்ணு வீட்டுல இருந்து ஆரம்பிக்கலாமே, அதுதானே முறை" என்று தாங்கள் சொன்னீர்கள். பெண்ணைப் பெற்றவன் வாய் திறக்கலாமா? தலையாட்டினேன். ஆறு மாசம் முடிந்தது ஆடியில். "ஆடியில மருமகளையே அம்மா வீட்டுக்கு அனுப்புறோம், பூனை அங்கேயே இருக்கட்டும்" என்றீர்கள். ஆவணியில் மாசம் பூரா முகூர்த்தம், வீட்டில் ஆளே இல்லை என்றீர்கள். புரட்டாசியில் மீன் தின்கிற ஜீவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றீர்கள். சம்பந்தி, அது மீன் வாசனை பார்த்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? டாக்டர் எழுதிக் கொடுத்த கிட்னித் தீனியைத் தவிர ஒரு துரும்பு தின்பதில்லை. தப்பாக நினைக்கக்கூடாது, புரட்டாசியில் நம் எல்லாரையும்விட அதுதான் ஒழுங்காக விரதம் இருந்தது. இப்போது ஐப்பசி. அடையாற்றில் தண்ணி ஏறும், தெருவுக்குள் வந்தாலும் வரும் என்கிறீர்கள். தண்ணி இங்கேயும்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் தண்ணியாவது ஆற்றிலிருந்து வருகிறது.

கிட்னி கெட்ட பூனை தண்ணியாகக் குடிக்கும், தண்ணியாகப் போகும். இதைத் தாங்கள் அந்த நாளில் சொல்லவில்லை, ஒரு நீலத் தொட்டியும் ஒரு மூட்டை மணலும் ஒரு சல்லடைக் கரண்டியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தீர்கள், நாங்களும் பெருமையாக வாங்கிக்கொண்டோம். அந்த மணல் இருக்கிறதே, ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்கிற ஜாதி. வேலை செய்கிற காமு இரண்டாம் நாளே, மண்ணுதானே என்று மொத்தத்தையும் பாத்ரூம் துவாரத்தில் கொட்டி இரண்டு வாளித் தண்ணியும் ஊற்றிவிட்டாள். "இன்னா சார் இது, மண்ணுன்னு பாத்தா இட்லி மாவு மாறி உப்பிகினு கீது" என்று அவள் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே சிமெண்ட் மாதிரி இறுகி, குழாயை வெட்டித்தான் எடுத்தோம். வெட்டினவன் நான். ஊர் பூரா அடைப்பு எடுத்தவனுக்குச் சொந்த வீட்டு அடைப்பு எடுக்க அரை நாள் ஆச்சு. சரி, இந்த மணலே வேண்டாம் என்று, பக்கத்து வீட்டு ரத்தினபாய் அம்மா மாடி கட்டக் கொட்டி வைத்திருந்த மணலில் கேட்டு ஒரு கூடை வாங்கி வந்து போட்டேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். பட்டாணி முகர்ந்து பார்த்தது, இது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது, மறுநாளிலிருந்து தொட்டிக்கே வரவில்லை. ஒரு லோடு மணலும் அதன் கணக்கில் தொட்டிதான். அந்த அம்மா அந்த மணலில்தான் பூஜை அறைச் சுவர் பூசினாங்க. இப்ப மழை ஈரம் ஏறும்போதெல்லாம் சாம்பிராணியையும் மீறி ஒரு வாசனை வருதாம். "அண்ணா, உங்க பூனை என் சாமியவே விரட்டிடுச்சு"ன்னு வாசலில் நின்னு அழறாங்க.

டாக்டர் எப்சியிடம் போனேன். செம்பாக்கத்தில் கிளினிக், நல்ல பெண், பொறுமைசாலி. தொட்டி பிடிக்கவில்லை என்றால் இரண்டு தொட்டி வையுங்கள் சார், சத்தம் இல்லாத இடமாக வையுங்கள் என்றார். வைத்தேன். ஒரு பூனைக்கு இரண்டு கக்கூஸ், சம்பந்தி. இந்த வீட்டில் மூன்று மனுஷருக்கு ஒன்றுதான். சத்தம் இல்லாத இடம் எங்கள் படுக்கை அறை ஒன்றுதான் என்று ஒன்றை அங்கே வைத்ததில், நானும் காந்திமதியும் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறோம், அது கட்டிலில் படுக்கிறது. அப்படியும் தொட்டிக்குள் நாலு காலையும் வைத்து நின்று, வாலைத் தூக்கி, வெளியேதான் அடிக்கிறது! அடுத்து டெஸ்டுக்கு மூத்திரம் வேணும்னு டாக்டர் கேட்டாங்க. நான் அரை நாள் குனிஞ்சபடியே பின்னாலேயே திரிஞ்சு, அது உட்கார்ந்த நேரத்துக்குக் கைக்குக் கிடைச்ச குழிக்கரண்டியை நீட்டிப் பிடிச்சுட்டேன். வெற்றியோட நிமிர்ந்தா எதிர்ல காந்திமதி. "அது சாம்பார் கரண்டி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அன்றையிலிருந்து இரண்டு நாள் வீட்டில் ரசம்தான். ரிசல்ட் வந்தது, கிட்னி இன்னும் கொஞ்சம் போயிருக்கிறதாம். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் முதுகுத் தோலைத் தூக்கி ஊசி குத்தி நூறு மில்லி குளுக்கோஸ் தண்ணி ஏற்ற வேண்டும். வீட்டிலேயே. யார்? நான்தான். முருகன் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் பாட்டிலை மாட்டியிருக்கிறேன். நூறு உள்ளே போகிறது, இருநூறு வெளியே வருகிறது. எத்தனையோ கசிவு கண்டுபிடிச்சு அடைச்சவன் சம்பந்தி நான், நடுராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் உடைஞ்ச மெயின் பைப்பையே நிறுத்தினவன், இந்தக் கசிவை நிறுத்த எனக்குத் தெரியலை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மகேஷ் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அவனுக்கு வயசு முப்பத்துநாலு முடிகிறது. எத்தனை இடம் தட்டிப்போச்சு என்று தங்களுக்குத் தெரியும். போன மாதம் இரும்புலியூரிலிருந்து ஒரு நல்ல இடம், வீடு பார்க்க வந்தார்கள். ஜாதகம் பொருந்தியது, கேசரி நன்றாக இருந்தது, பெண்ணின் அப்பா என் தோளில் கை போட்டுப் பேசினார். "அப்ப நல்ல நாள் பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்க் கறுப்பு ஷூவுக்குள் காலை விட்டார். விட்ட காலை அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். ஒற்றைக் காலில் சாக்ஸ் சளக் சளக் என்று சத்தம் போட ஆட்டோ வரைக்கும் நடந்து போனார். அதற்கப்புறம் அவருக்கும் சிக்னல் போய்விட்டது. மகேஷ் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கும் என்னைக் கட்டிக்குடுக்க இஷ்டம் இல்லையாடா"ன்னு கேட்டான். யானைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் என்பார்கள். பூனையின் காலம் என் வீட்டில் பத்தாவது மாதமாக நடக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு இடம் வருகிறார்கள். அதற்குள் தரையை டெட்டால் போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, கற்பூரம் போட்டுக் கழுவினால் ஓரளவு மனுஷர் வீடு மாதிரி இருக்கும். பூனை இருந்தால் கழுவிய இடத்தைத்தான் முதலில் தேடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் சத்யபிரியா கூப்பிடுகிறாள், "அப்பா, நான் வர்ற வரைக்கும் பட்டாணி இருக்கும்ல?" என்று அதைத்தான் முதலில் கேட்கிறாள். இருக்கும்மா என்று சொல்லிப் பூனையின் சுத்தமான பக்கத்தைக் காட்டுகிறேன். அவளிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. தங்களிடம்தான் சொல்ல முடியும். முறையாகக் கேட்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதற்கு மேல் என்னால் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டாணியை வந்து அழைத்துப் போகவும். அடிக்கோடு நான் போட்டதுதான், கோபத்தில் அல்ல, டவர் இல்லாத இடத்திலும் தெரிய வேண்டும் என்பதற்காக.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, அடையாறு தன் எல்லையிலேயே ஓடி, தங்கள் குடும்பம் தழைக்க எல்லாம் வல்ல முருகன் அருள் புரியட்டும். அவர் காலண்டர் இப்போதைக்குக் கட்டிலடியில் இருந்தாலும் அருள் செய்வார்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவனும் தங்களிடமிருந்து பூனையை வாங்கிக்கொண்டவனுமாகிய
தயாளன்

பின்குறிப்பு (வியாழக்கிழமை சாயங்காலம்): இன்று காலையே மகேஷ் இதைக் கொண்டுவந்திருக்க வேண்டுமே என்று நினைப்பீர்கள். அவன் வேலைக்கே போகவில்லை. நேற்று இதை எழுதி முடித்து டீப்பாயில் வைத்ததிலிருந்து பட்டாணி ஒரு சொட்டு போகவில்லை. முதலில் நான் கவனிக்கவே இல்லை, வீடு சுத்தமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன், பாவி நான். காலையில் பார்த்தால் இரண்டு தொட்டியும் காய்ந்து கிடக்கிறது, அது கட்டிலுக்குக் கீழே முருகன் காலண்டர் மேல் சுருண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. மகேஷ் பைக் ஓட்ட, நான் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எப்சியிடம் ஓடினோம். அந்தப் பெண் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தண்ணி ஏற்றி, ஊசி போட்டு, "சாயங்காலத்துக்குள்ள யூரின் போயிடுச்சுன்னா தேறிடும் அங்கிள். இல்லைன்னா பொண்ணுக்குச் சொல்லிடுங்க" என்றாள். சம்பந்தி, சத்யபிரியாவுக்கு நான் என்னன்னு சொல்வேன்? வீட்டுக்கு வந்து இரண்டு தொட்டியிலும் புது மணல் போட்டோம். எதில் போனாலும் சரி என்று மகேஷ் தன் லேப்டாப் பையைத் திறந்து பக்கத்தில் வைத்தான், என் செருப்பை வைத்தான். காந்திமதி கல்யாணப் பட்டுப் புடவையையே விரிக்கப் போனாள், நான்தான் தடுத்தேன். சத்தம் கேட்டால் வருமென்று வீட்டில் இருக்கிற அத்தனை குழாயையும் திறந்துவிட்டு, கைக்குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து உஸ்ஸு உஸ்ஸு என்றோம். சொட்டுற குழாயைப் பார்த்தா தெருவில் இறங்கிப் போய் மூடிவிட்டு வருகிறவன் நான். பாத்ரூம் தண்ணித் தொட்டி நிரம்பி வழிஞ்சது, நான் எழுந்திருக்கவே இல்லை. அது எப்போது நழுவிப் போனதோ, நாலு மணிக்கு ஹாலிலிருந்து காமு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "சார், சார், ஓடியா சார், பேஞ்சிகினு கீறான் சார், உன் லெட்டர் மேலயே பேஞ்சிகினு கீறான்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். டீப்பாயில் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. காந்திமதி அதையே கும்பிட்டாள். நான் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குப் போன் போட்டு, வீட்டில் உடம்பு சரியில்லாத பூனை ஒன்று இருக்கிறது, செருப்பைக் கழற்றிக் கையோடு உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சம்மதம் இருந்தால் வரட்டும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, பட்ட பாடு தங்களுக்கும் தெரியட்டும் என்று இதையே ஜன்னலில் காயவைத்து நாளைக்கு அனுப்புகிறேன். மற்றதெல்லாம் ஓரளவு தெரியும். நான் அடிக்கோடு போட்ட அந்த ஒரு வரியில்தான் மை முழுக்கக் கரைந்துவிட்டது. அதைப் படிக்க முடியாது. படிக்கவும் வேண்டாம்.