சிந்தெடிக் மட்டுமே

விளம்பரத்தை மூன்றாவது முறை படித்தபோதுதான் அந்த வரி நெவிலின் கண்ணில் பட்டது.

"கிளெனிஸ், கொஞ்சம் இங்க வா. 'சிந்தெடிக் ஆயில் மட்டுமே ஊற்றப்பட்ட வண்டி'ன்னு போட்டிருக்கியே, யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. மத்தவங்க விளம்பரத்துல எல்லாம் இருந்துச்சு. படிக்க நல்லா இருந்துச்சு, போட்டேன்." அவர் மனைவி கிளெனிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "ஏன், சாதாவோ சிந்தெடிக்கோ, ரெண்டும் இன்ஜின் ஆயில்தானே?"

நெவில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளுக்கு அவர் சாதா ஆயிலைத் தவிர வேறு எதையும் காட்டியதில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, தன் கையாலேயே மாற்றுவார். கும்பாலா ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில்கூட பஸ்ஸுக்கு ஆயில் மாற்ற மறந்திருக்கிறார், வண்டிக்கு மறந்ததில்லை. இப்போது இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது இனி நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்பதென்று முடிவானதும் நெவில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வாங்குகிறவர் இன்னும் இருபது வருஷம் அதை ஓட்ட வேண்டும்.

அப்படி ஒருத்தி அன்று காலையில்தான் போன் செய்திருந்தாள். டெஸ்லி என்று பெயர். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணை. "விளம்பரம் பார்த்தேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

"அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடேன்," என்றாள் கிளெனிஸ்.

"நம்பர் விழலியே."

"அப்ப விடு."

"பொய் சொல்லி வண்டி விக்கிறவனா நான்?"

"அப்ப சிந்தெடிக்கையே ஊத்திடு. பொய் உண்மையாயிடும்."

நெவில் யோசித்துப் பார்த்தார். முழு உண்மை ஆகாது. ஆனால் பாதியாவது ஆகும்.

பண்ணைச் சாமான் கடையில் கிர்ரா என்ற பெண் டப்பாவை எடுத்து வைத்தாள். "நல்ல சரக்குதான். சூடு தாங்கும், சீக்கிரம் கெடாது. ஆனா பழைய வண்டின்னா..."

"பழைய வண்டின்னா?"

"ஒழுகினாலும் ஒழுகும். ஒழுகாமலும் இருக்கும்."

"ஆயில் கேட்டா ஜோசியம் சொல்றியேம்மா!"

அன்று மாலை பழைய ஆயிலை வடிக்கும்போது, எப்போதும் பிடிக்கிற தட்டில் விரிசல் கண்டிருப்பது தெரிந்தது. சமையலறையில் கைக்கு அகப்பட்ட ஒரு தட்டை எடுத்துவந்து பிடித்தார். புது ஆயில் தேன் மாதிரி இறங்கியது. இன்ஜினும் சத்தமில்லாமல் ஓடியது. இத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்தோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் வண்டிக் கொட்டகைத் தரையில் ஒரு ஆயில் குட்டை நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் டீக் கோப்பையோடு நின்ற மெர்வ் எட்டிப் பார்த்தார். நாற்பது வருஷப் பக்கத்து வீடு.

"இத்தனை நாளா ஓட்டையை அழுக்குதான்டா அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. நீ நல்லதை ஊத்திக் கழுவி விட்டுட்ட."

"நாளைக்கு அந்தம்மா வருதுடா."

"இரு." மெர்வ் தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினார். "இதுவும் சிந்தெடிக்தான். என்னா, கொழகொழன்னு இருக்கும். ஒழுகவே ஒழுகாது."

நெவில் மறுபடி வடித்தார், மறுபடி ஊற்றினார். ஒழுகல் நின்றது. மெர்வை வேலியோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? கடைசி தடவை என்று டாக்டரை மனசுக்குள் சமாதானம் செய்துவிட்டு, மெர்வின் தோளைப் பிடித்து ஏறினார். கடைத்தெரு வரை வண்டி ராஜா மாதிரி போனது. ரயில் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் ஓவென்று கத்தியது. சக்கரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்தது.

இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். பேக்கரி வாசலில் இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

"என்ன நெவ், வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?"

நெவில் தலையைக் குனிந்து தள்ளினார். வீடு வந்து டப்பாவைத் திருப்பிப் படித்தார். வேலியோரம் போய்க் கூப்பிட்டார்.

"மெர்வ், இது கார் ஆயில்டா!"

"அப்படியா?"

"மோட்டார் சைக்கிள்ல ஊத்தினா கிளட்ச் வழுக்கும்னு இதுலயே எழுதியிருக்கு."

"கண்ணாடி போட்டாத்தானடா எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை விடிந்ததும் நெவில் கொட்டகையில் இருந்தார். கார் ஆயிலை வடித்தார். சாதா ஆயிலை ஊற்றிச் சற்று ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி புதிதாக ஊற்றினார். கிளட்ச் மெல்ல மெல்லப் பிடித்தது. இன்ஜின் பழைய குரலில் முனகியது. ஓரத்தில் லேசாக ஒரு கசிவு மட்டும் இருந்தது.

கிளெனிஸ் வாசலில் வந்து நின்றாள். கீழே பார்த்தாள்.

"நெவில், அது நாளைக்கு நான் ஆட்டுத்தொடை சுடற தட்டு."

"கழுவித் தர்றேன்."

"வேணாம். இனிமே அது உன்னோடது." பிறகு அவர் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள். "சரி, இப்ப என்ன செய்யப் போற?"

"உள்ளதைச் சொல்லிடப் போறேன்."

"அதை வியாழக்கிழமையே முடிவு பண்ணியிருக்கலாமே!"

சரியாக இரண்டு மணிக்குப் புழுதி படிந்த ஒரு வண்டி வந்து நின்றது. டெஸ்லிக்கு ஐம்பது வயசிருக்கும். அகலத் தொப்பி, பூட்ஸ். அதிகம் பேசவில்லை. மோட்டார் சைக்கிளை இரண்டு தரம் சுற்றி வந்தாள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து பெட்ரோல் டேங்க் எவ்வளவு உயரம் என்று அளந்தாள். நெவிலுக்கு மனசு நிறைந்தது. உட்காரும் உயரம்வரை பார்த்து வாங்குகிறவள் வண்டியைக் கண் மாதிரி வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளை ஏமாற்றலாமா?

"ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார். விளம்பரத்தில் இருந்த பொய், ஒழுகிய சிந்தெடிக், வழுக்கிய கார் ஆயில், பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நாளில் நாலு தடவை ஆயில் மாற்றியதைச் சொல்லும்போது நாலு விரலை விரித்துக் காட்டினார். கிளெனிஸ் அவர் முதுகில் கை வைத்தாள்.

டெஸ்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"இப்ப உள்ள இருக்கறது சாதா ஆயில்தான். கொஞ்சம் கசியுது. வேணாம்னா நான் தப்பா நினைக்க மாட்டேன்," என்றார் நெவில். "வேணும்னா, எதை ஊத்தறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். மாத்தி மாத்தி மட்டும் ஊத்தாதீங்க."

டெஸ்லி தலையைச் சொறிந்தாள். இன்ஜினைப் பார்த்தாள், நெவிலைப் பார்த்தாள்.

"இவ்வளவு சொன்னப்புறம் இதைச் சொல்லவே சங்கடமா இருக்கு. இன்ஜின் கனம்ங்க, அதைக் கழட்டி நீங்களே வச்சுக்கங்க. வண்டியப் பண்ணை வாசல்ல தபால் பெட்டியா நிறுத்தப் போறேன், தபால்காரர் கடுதாசி போட அந்த டேங்க் போதும்."