தேங்காயெண்ணெயின் பாவம்

"அம்மா, யேசுவுக்குப் பற்றரி மாத்தோணுமோ?"

ஐந்து வயது டனிஸ்ரன் இப்படிக் கேட்டதும் மொன்றியல் சென்ட் லோரன்ட் மண்டபத்துச் செபக்கூட்டத்தில் இருந்த இருநூறு பேரும் திரும்பி முறைத்தார்கள். தாய் அவன் வாயைப் பொத்தினார். அங்கே மூளை வேலைசெய்த ஒரே ஆளின் வாய் அப்படி அடைபட்டது.

மேடையில் ஒளியூழியர் கிறகரி நின்றார். 2009 மாசி மாதம், மைனஸ் இருபது. அந்தக் குளிரிலும் சனம் பஸ் மாறி மாறி வந்தது அவருடைய ஊதாக் கதிரைப் பார்க்கத்தான். பேனா அளவிலான லேசர் விளக்கு. அதைத் தன் எண்ணெய்ப் போத்தலுக்குள் அடிப்பார். ஊதாவாகப் போகும் கதிர் உள்ளே இரத்தச் சிவப்பாகிவிடும். அல்லேலூயா! போத்தல் நாற்பது டொலர்.

அடுத்தது சோதனை. வீட்டு எண்ணெயைக் கொண்டுவர வேண்டும். சிவந்தால் ஆசீர்வாதம். சிவக்காவிட்டால் சாபம். எங்கள் தமிழ்ச் சனம் எதைக் கொண்டுவரும்? தேங்காயெண்ணெய்தான். வழியில் உறைந்து கட்டியானதைக் கக்கத்தில் வைத்து உருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. மொன்றியலில் இத்தனை பாவிகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

றெபேக்கா வீட்டு எண்ணெயும் சிவக்கவில்லை. அவளுக்கும் அனுஜனுக்கும் சித்திரையில் கலியாணம். அனுஜனின் தாய் அக்னெஸ் எழுந்தார்.

"சாபம் பிடிச்ச வீட்டில நான் பொம்பிளை எடுக்கமாட்டன். உன்ர கொம்மா என்ன பாவம் செய்தாவோ!"

"உங்கட எண்ணெயும் சிவக்கேல்லையே, மாமி?" என்றாள் றெபேக்கா.

"நான் அவரிட்ட ரெண்டு போத்தல் வாங்கிச் சாபத்தைக் கழிச்சுப்போட்டன்!"

றெபேக்காவின் தாய் இமெல்டா தலைகுனிந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு றெபேக்கா மூன்று போத்தல்களோடு வந்தாள். மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் அவள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ."

மண்டப விளக்குகள் அணைந்தன. கதிர் பாய்ந்தது. சிவப்பு! கிறகரியின் எண்ணெயைவிடச் சிவப்பு. அவரே ஒரு அடி பின்வாங்கினார். பிறகு சுதாரித்தார்.

"மனந்திரும்பின வீடு! இதுக்குள்ள ஒரு பரிசுத்தவான் இருக்கிறார்!"

"பசளிக்கீரை இருக்கு, அண்ணை. மருந்துக்கடை ஸ்பிரிட்டில ஊறப்போட்டு வடிச்சனான்."

பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "அப்ப கீரைக்கும் ஞானஸ்நானமோ?"

இரண்டாவது, சந்திக் கடையில் வாங்கிய ஒலிவ் எண்ணெய். மூடிகூடத் திறக்கவில்லை. அதுவும் சிவந்தது.

"இலைப்பச்சை ஊதா வெளிச்சத்தை விழுங்கும். கொஞ்சத்தைச் சூடா வைச்சுக்கொண்டு மிச்சத்தைச் சிவப்பா வெளிய விடும். ஒலிவ் காயில அந்தப் பச்சை இருக்கு, தேங்காயில இல்லை. எங்கட பாவம் அவ்வளவுதான்."

"உது விஞ்ஞானம்! என்ரை வரம் வேற!" என்று கிறகரி சீறினார்.

"அப்ப இந்த மூண்டாம் போத்தல் தேங்காயெண்ணெயை ஆசீர்வதிச்சுச் சிவப்பாக்குங்கோ."

கிறகரி செபித்தார். குலுக்கினார். அந்நிய பாஷையில் கத்தினார். தேங்காயெண்ணெய் மனந்திரும்பவில்லை.

"பாத்றூம் போட்டு வாறன்," என்று போனவர் பின்கதவால் தப்பினார், கோட்டுகூட இல்லாமல்.

"கள்ளனுக்கும் குளிருமெல்லே," என்று இமெல்டா அந்தக் கோட்டை அனுஜனிடம் கொடுத்து ஓடவிட்டார். கிறகரி விட்டுப்போன போத்தலில் புது ஸ்ரிக்கரை ஒருவர் உரித்தார். அடியில் சந்திக் கடையின் விலைச்சீட்டு. கடவுள் கண்ணைத் தந்தது கூட்டத்தோடு சேர்ந்து அழுவதற்கு மட்டுமல்ல, ஐயாமாரே, லேபிளை உரித்துப் பார்க்கவும்தான்.

கலியாணம் சித்திரையிலேயே நடக்கும் என்று அனுஜன் மூலம் சொல்லியனுப்பினார் அக்னெஸ். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அந்தக் கடன் அவர் நெஞ்சில் கிடந்து குத்தியது.

மறு ஞாயிறு, இமெல்டா குடும்பம் பூசைக்குப் போயிருந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்கள் வீட்டு வெளிப்படிகளில் முழங்கால் உயரப் பனி. அக்னெஸ் வாசலில் கிடந்த பனி அள்ளும் சவளை எடுத்துப் பதினேழு படிகளையும் வழித்தார். வழுக்காமல் இருக்க உப்பும் தூவினார். பூசை முடியும் முன்னரே பஸ் ஏறிவிட்டார்.