மைசூர் வரைக்கும் நானே ஓட்டினேன்

காக்ஸ் டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய டிரேவர் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டோரீனின் கணவன் மைக்கேல்ராஜ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், டோரீன், மகள் லீனா, கார் ஆகிய நால்வரும் நலம். கோயம்புத்தூரில் நீங்களும் கேரல் அக்காவும் நலமாக இருக்கவும், உங்கள் சர்க்கரை உங்கள் பேச்சைக் கேட்கவும் தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரோ எழுதியதை ஃபார்வர்டு செய்தேன் என்பீர்கள். அதனால்தான் என் கையெழுத்திலேயே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் விருந்தில், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், கையில் கேக்கை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்ளே, அறுபத்தெட்டு ஆச்சு. கண்ணு மங்குது. பேசாம கார் சாவிய லீனாகிட்ட குடுத்துடுங்க." முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர் என்ற மரியாதையில் அன்று ஒரு சவாலோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை இன்று சொல்கிறேன். மச்சான், ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. தண்டவாளம் போகும் இடத்துக்கு நீங்களும் கூடப் போனீர்கள், அவ்வளவுதான். நான் அப்படியா? இருபது வருடம் இந்த வெள்ளைக் காரை இந்த ஊர் டிராஃபிக்கில் ஓட்டியவன். அன்று நான் விட்ட சவால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மைசூர் வரை நானே ஓட்டிப் போய்த் திரும்பி வந்து விவரமாகக் கடிதம் எழுதுவேன், இல்லாவிட்டால் சாவி லீனாவுக்கு என்றேன். இதோ கடிதம். படித்துவிட்டு கேரல் அக்காவிடமும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் ஆஜர் எடுத்தேன். டிரில் மாஸ்டராக முப்பது வருடம் வேலை பார்த்த விசில் கழுத்தில் தொங்கியது. ஒரு நீள விசில் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும், இரண்டு சின்ன விசில் என்றால் கிளம்பலாம். டோரீன் தீர்த்தம் தெளித்து, டேஷ்போர்டு அந்தோனியாருக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். புது ரோட்டில் போனால் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் வழியில் பசியோடு போக வேண்டும் என்பதால் பழைய ரோட்டைப் பிடித்தேன். கெங்கேரியில் ஒரு ஐந்து நிமிடம் நிறுத்தி டோரீன் கறிவேப்பிலை வாங்கினாள். மூன்று கிலோ. மைசூருக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு மூன்று கிலோ கறிவேப்பிலை எதற்கு என்று கேட்காதீர்கள், பெண்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

அதற்குப் பிறகு கார் போன போக்கு இருக்கிறதே, அப்படி ஒரு சீரான ஓட்டத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பிடதியில் தட்டே இட்லி. ஒரு இட்லி ஒரு தட்டு அளவு, மேலே ஒரு கட்டி வெண்ணெய், நாலு சாப்பிட்டேன். வெண்ணெய் முழங்கை வரை வழிந்தது, கை கழுவத் தண்ணீர் வரவில்லை, அப்படியே ஏறிக் கிளம்பிவிட்டோம். ஸ்டியரிங் கொஞ்சமும் வழுக்கவில்லை. ராமநகரத்துப் பாறைகளை இடப்பக்க ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி நிதானமாக ரசித்தேன். சென்னபட்டணத்தில் மர பொம்மைக் கடைக்குள் போன டோரீனும் லீனாவும் முக்கால் மணி நேரமாக வெளியே வராததால் நான் ரோட்டில் நின்று நீளமாக ஒரு விசில் ஊதினேன். இவர்கள் வரவில்லை. ஆனால் எதிரே நின்ற டூர் பஸ்ஸிலிருந்து ஏதோ ஒரு பள்ளியின் நாற்பது பிள்ளைகள் இறங்கி உயர வரிசைப்படி என் முன்னால் நின்றுவிட்டார்கள். சும்மா அனுப்ப மனசு வரவில்லை, பத்து எண்ணிக்கை கை கால் பயிற்சி கொடுத்தேன். அவர்களுடைய டீச்சர் வந்து, "யாரு சார் நீங்க?" என்று கேட்ட விதம் சரியில்லை. ஆனால் அந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும் மச்சான், ஒரு பிள்ளை கோணவில்லை.

அங்கே வாங்கிய மரக்குதிரையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே மத்தூர் வரை வந்தேன். மத்தூரில் சுடச்சுட வடை. நம் ஊர் வடை மாதிரி ஓட்டை கிடையாது, தட்டையாக, வெங்காயத்தோடு மொறுமொறுவென்று இருக்கும். ஒரு கையில் வடை, ஒரு கையில் காபி என்று ரசித்துச் சாப்பிட்டபடியே பயணத்தைத் தொடர்ந்தேன். கார் ஒரு நூல் விலகவில்லை. மண்டியா எப்போது வந்தது, எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது ஸ்ரீரங்கப்பட்டணம்.

அங்கேதான் உண்மையான சோதனை. கோட்டை வாசல் குறுகல், எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ், பின்னால் இளநீர் வண்டி, அதற்குப் பின்னால் இரண்டு குதிரை வண்டி. பஸ் டிரைவர், "ரிவர்ஸ் தொகொள்ரீ!" என்று கத்துகிறார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நான் பதறவில்லை. கீழே இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்று, விசில் ஊதி, கையைக் காட்டி, அப்படியே காரை நேர்க்கோட்டில் ரிவர்ஸ் எடுத்தேன். "டாடி, அந்த விசில மொதல்ல வாயிலிருந்து எடுங்க, எனக்குக் கண்ணாடியில எல்லாம் தெரியுது" என்று லீனா சொன்னாளே தவிர, நடுவில் என் விசில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இளநீர்க்காரர் கை தட்டினார். பஸ் டிரைவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மைசூரில் பிலோமினா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம், அரண்மனை பார்த்தோம், ஞாயிறு பூசை முடிந்ததும் மார்க்கெட்டில் மல்லிகை வாங்கினோம். உங்களுக்கென்று அரைக் கிலோ மைசூர் பாகு வாங்கி, பிறகு உங்கள் சர்க்கரையை நினைத்து மனம் கேட்காமல் நாங்களே சாப்பிட்டுவிட்டோம். திரும்பும்போதும் அதே ரோடு, அதே வடை. காரில் ஒரு கீறல் இல்லை. ஓட்டிய களைப்பில் என் வலது கால் மட்டும் இன்னும் வலிக்கிறது.

ஆகவே மச்சான், சவாலில் ஜெயித்தது யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கும். கேரல் அக்காவுக்கு டோரீனின் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும், உங்களுக்கு மட்டும் கூடுதலாக, தோல்வியை ஒப்புக்கொள்ளும் மனசையும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
கார் ஓட்டும்
மைக்கேல்ராஜ்

பின்குறிப்பு (சனிக்கிழமை இரவு): இதை ஒட்டி அனுப்புவதற்குள் டோரீன் படித்துவிட்டாள். "ஏங்க, சனிக்கிழமை வருதில்ல?" என்று மட்டும் கேட்டாள். இன்று சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், இந்தக் கடிதத்தையும் பாவக் கணக்கில் சொன்னேன். கூண்டுக்குள் இருந்தது ஃபாதர் அமல். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் மைதானத்தை மூன்று சுற்று ஓடியவர், அதை மறக்கவும் இல்லை. "அருள் நிறைந்த மரியே மூணு தடவை சொல்லிடறேன் ஃபாதர்" என்று நானாகவே சொல்லிப் பார்த்தேன். "லெட்டரைப் போஸ்ட் பண்ணிட்டீங்களா மாஸ்டர்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கீழே எழுத எடம் இருக்கு" என்றார். இதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை.

கெங்கேரியில் பின்வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. கறிவேப்பிலைக் கூடையோடு ரோட்டைக் கடந்த அம்மாவை நான் பார்க்கவில்லை மச்சான். லீனா கத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கூடைதான் விழுந்தது, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "பர்வாயில்லா சார், வயசாய்த்தல்லா" என்றார். வயசாகிவிட்டதாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொட்டிய கறிவேப்பிலை அத்தனையையும் டோரீன் வாங்கினாள். நான் இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். லீனா என் இடத்துக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மைசூர் போய் வரும்வரை அவள்தான் ஓட்டினாள். நான் இடப்பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன், கால் வலி அதனால்தான்.

கண் டாக்டரிடம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை சாவியை லீனாவின் கையில் கொடுத்தேன். தொம்மலூர் ஆபீசுக்கு முதல் தடவை தனியாகக் காரில் போனாள். ஆகவே நீங்கள் ஜெயித்தீர்கள், ஆனால் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். சீரான ஓட்டம், நூல் விலகாதது, கோட்டை வாசல் ரிவர்ஸ், எல்லாம் நிஜம். பெயரை மட்டும் மாற்றி, கோயம்புத்தூர் முழுக்கப் படித்துக் காட்டுங்கள். என் மகள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வாசல் கேட் அருகே நின்று இரண்டு சின்ன விசில் ஊதினேன், அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனாள்.